மூன்றாம் வகுப்பு வந்தும் படிக்க வரவில்லை என்றால் செல்போனை மட்டும் திட்டிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வருத்தம் நியாயமானது. ஆனால் அவர் சொன்ன காரணங்கள் இரண்டு, ஒன்று செல்போன், இன்னொன்று எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது என்பது. இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் பிள்ளைகள் கடகடவென்று படித்துவிடுவார்கள் என்கிற தொனி அந்தக் கடிதத்தில் இருந்தது. ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுத்தே ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் சாயங்காலம் தெருப்பிள்ளைகள் சிலர் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அந்த உரிமையில், எழுத்தின் ஒலிகளைக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸ் முறையைப் பற்றிப் பதில் எழுதுகிறேன்.

செல்போன் வருவதற்கு முன்பும் கடைசி பெஞ்சில் இப்படிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனதால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குப் பெரும்பாலும் யாரும் பாதியில் நிற்பதில்லை என்பதால் கணக்கில் வருகிறார்கள். பிள்ளைகளின் படிப்புத் திறனைக் கணக்கெடுக்கிற ஏசர் அறிக்கைக்காகக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்கார வைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று வரிசையாகப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். 2022ஆம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததும் அதில் சேர்த்தி. 2024இல் கொஞ்சம் ஏறியது, ஆனாலும் ஐந்தில் ஒருவர் என்கிற அளவுக்குக்கூட வரவில்லை. அந்தக் கணக்கெடுப்பின் மேல் ஆயிரம் குறை சொல்லுங்கள், நானும் சொல்வேன். ஆனால் ஒன்றாம் இரண்டாம் வகுப்பு எடுத்த எவருக்கும் அந்த எண் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. அப்புறம், ஃபெயில் போடுவது என்றால் என்ன? சொல்லிக்கொடுத்த முறையிலேயே இன்னொரு வருஷம் சொல்லிக்கொடுப்பது. பூட்டுக்குச் சேராத சாவியை இன்னொரு வருஷம் போட்டுத் திருகுகிற கதைதான்.

படிக்க வராத ஒரு பிள்ளை உண்மையில் என்ன செய்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அ அம்மா, ஆ ஆடு, இ இலை என்று ராகம் போட்டு ஒப்பிக்கும். படத்தைக் கையால் மறைத்தால் நின்றுவிடும், ஏனென்றால் அது படித்தது படத்தை. க கா கி கீ வரிசையும் மனப்பாடம், ஆனால் நடுவில் 'தீ' என்ற எழுத்தைத் தனியாகக் காட்டினால் உடனே சொல்லாது, த தா தி தீ என்று முணுமுணுத்து வரிசையில் நடந்து வந்து அந்த இடத்தில் நிற்கும். ஒரு எழுத்துக்கு இவ்வளவு தூரம் நடக்கிற பிள்ளை, ஒரு சொல்லின் கடைசிக்கு வரும்போது முதல் எழுத்தை மறந்திருக்கும். இன்னும் சில பிள்ளைகளுக்கு எழுத்து தனித்தனியாக நன்றாகவே தெரியும். ப, ட, ம் என்று மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல் என்றால் 'பம்பரம்' என்பார்கள். முதல் எழுத்தைப் பார்த்து ஒரு ஊகம், மிச்சம் டீச்சரின் முகத்தைப் பார்த்து. நாம் லேசாக முகம் சுளித்தால் அடுத்த சொல்லைப் போடுவார்கள். இப்படி ஊகித்தே ஒன்றாம் வகுப்பைத் தாண்டிவிடுகிற கெட்டிக்காரர்கள் உண்டு. பாடம் சின்னதாக, படம் பெரிதாக இருக்கும் வரை பிழைப்பு ஓடும், மூன்றாம் வகுப்பில் படம் சுருங்கி வரிகள் நீளும்போது மாட்டிக்கொள்வார்கள். சோம்பேறி, கவனமில்லை, வீட்டில் கவனிப்பில்லை என்று நாம் அப்போது பட்டம் கட்டுகிறோம். ஒலிகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்கத் தெரியவில்லை, அதை யாரும் அந்தப் பிள்ளைக்கு நிதானமாகக் காட்டிக்கொடுக்கவில்லை, விஷயம் இவ்வளவுதான்.

இதைத்தான் ஃபோனிக்ஸ் என்கிறார்கள். எழுத்துக்கு ஒலி என்ன, அந்த ஒலிகளை எப்படிச் சேர்ப்பது, ஒரு சொல்லைக் கேட்டால் அதை எப்படி ஒலியாகப் பிரிப்பது, இதை ஒழுங்கான வரிசையில், தினமும், வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது. பெயர் ஆங்கிலமாக இருப்பதால் நம்மூரில் இதை ஆங்கிலப் பாடத்துக்கான சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆங்கிலத்திலாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

ஆங்கிலத்தை முதலில் பார்ப்போம். சி, ஏ, டி, கேட். நான் படித்த காலத்திலிருந்து இன்று வரை வகுப்பறைக்கு வெளியே கேட்கிற பாட்டு இது. தமிழில் 'ப' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, சொல்லுக்குள் அது தருகிற ஒலி வேறு. தமிழ் எழுத்தைப் பழகிய பிள்ளையின் நியாயப்படி சி, ஏ, டி மூன்றையும் சேர்த்தால் 'சியேட்டி' வர வேண்டும். எங்கிருந்தோ 'கேட்' வருகிறது. அது கேள்வி கேட்காமல் மனப்பாடம் செய்துகொள்கிறது, ஒவ்வொரு சொல்லையும் ஒரு போன் நம்பர் போல. எத்தனை நம்பர் மனதில் நிற்கும்? 2012-13லிருந்து அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. வீட்டில் ஒரு ஆங்கிலச் சொல்கூடக் கேட்காத பிள்ளைகள் கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த நம்பர் மனப்பாடம் முதலில் கைவிட்டுப் போகிறது.

ஃபோனிக்ஸ் என்கிற இந்த ஒலிவழியில் தொடங்குகிறவர்கள் ஏ, பி, சி என்ற வரிசையையே வைத்துக்கொள்வதில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்கிற ஆறு எழுத்துகளை முதலில் எடுப்பது பரவலான வழக்கம். காரணம் எளிது: அந்த ஆறை வைத்தே சாட், பின், டாப், டின், நாப் என்று ஏகப்பட்ட சின்னச் சொற்களை உடனே படித்துவிடலாம். இருபத்தாறும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே 'நான் படித்தேன்' என்ற நினைப்பு பிள்ளைக்கு வந்துவிடும், அந்த நினைப்பு வந்த பிள்ளையைப் பிறகு தடுத்து நிறுத்துவதுதான் கஷ்டம்.

இங்கே தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ஒலியைச் சொல்லித்தரும்போது பலர் 'பஹ', 'டஹ', 'கஹ' என்று பின்னால் ஓர் அகரத்தை ஒட்டிவிடுகிறார்கள். டிரெய்னிங் வீடியோக்களிலேயே பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் மூன்றையும் சேர்க்கும்போது சொல் வராது, 'பஹஅடஹ' என்று என்னவோ வரும். நம்மிடம் புள்ளி இருக்கிறது. ப், ட், ஸ், ன் என்று சொன்னால் நம் பிள்ளைக்கு உடனே பிடிபடும். ஆனால் ஒரு எச்சரிக்கை, இதையே சாக்காக வைத்து ஆங்கிலச் சொல்லுக்கு அடியில் தமிழில் எழுதித் தராதீர்கள். குண்டூசிக்கும் 'பின்', குப்பைத்தொட்டிக்கும் 'பின்' என்றுதான் நம் எழுத்தில் எழுத முடியும். பத்துக்கும் 'டென்', சிங்கத்தின் குகைக்கும் 'டென்'. அந்த வித்தியாசத்தை வாயால் சொல்லி, தொண்டையில் விரல் வைத்து அதிர்வு பார்க்கச் சொல்லி, காதால்தான் பழக்க வேண்டும். கைடு புத்தகத்தில் தமிழில் எழுதிப் படித்த தலைமுறை நாம், இன்றைக்கும் அந்த இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்.

சரி, தமிழுக்கு வருவோம். 247 எழுத்து என்று சொல்லியே பிள்ளையைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். 12 உயிர், 18 மெய், கொஞ்சம் குறியீடுகள், இவை ஒன்றோடொன்று சேரும் விதம், ஆய்தம் ஒன்று. ம் கூட ஆ சேர்ந்தால் மா. இந்தப் பாடத்தை நாம் இலக்கணம் என்று மேல் வகுப்புக்குத் தள்ளிவிட்டோம். அது ஒன்றாம் வகுப்பில் வாயால் விளையாட வேண்டிய விளையாட்டு. ஐந்து வயதுப் பிள்ளையிடம் 'ப்... ஆ... ல்... என்ன சொல்?' என்று கேட்டுப் பாருங்கள், நாலைந்து முறை தடுமாறிவிட்டு 'பால்!' என்று கத்தும். 'பால்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'க்' போடு, 'கால்'. எழுத்தே வேண்டாம், பென்சிலே வேண்டாம். இது வராத பிள்ளைக்கு எழுத்து எழுத்தாக எத்தனை பக்கம் எழுத வைத்தாலும் படிப்பு வராது.

தமிழ் எழுத்தில் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்பதையும் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், எல்லாமே ஒரே அளவு கஷ்டம் கிடையாது. துணைக்கால் சுலபம், இகர ஈகாரமும் பரவாயில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும்போதுதான் பிள்ளை தடுக்கி விழுகிறது. கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கிற மெய்யை. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி, நடுவில் எழுத்து. அப்புறம் உகரம் இருக்கிறதே, கு, சு, து, பு, மு என்று எழுத்துக்கு எழுத்து வேறு வேறு வளைவு, கூ, பூ, மூ இன்னும் மோசம். 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றை மாற்றியதில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய பாரம் குறைந்தது. தும்பிக்கை வைத்த பழைய லையை இன்றைய இளம் ஆசிரியர்கள் தாத்தாவின் கடிதத்தில்தான் பார்த்திருப்பார்கள். உகர ஊகாரத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. இருக்கட்டும், அதற்கு அதிக நாள் ஒதுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. பாடத்திட்டத்தில் எல்லா வரிசைக்கும் சமமாக நாள் பிரிப்பதைப் பார்க்கும்போது, இதைப் பிரித்தவர் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததுண்டா என்று கேட்கத் தோன்றும்.

க என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று மாதிரி ஒலிக்கிறதே, அதற்கு ஃபோனிக்ஸ் சரிவருமா என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு அது பெரிய தொல்லை இல்லை. 'த-ங்-க-ம்' என்று கரடுமுரடாகக் கூட்டினாலும், தெரிந்த சொல் என்பதால் நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். ஆனால் சொல்லே தெரியாவிட்டால் திருத்த முடியாது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்களே, அவர்களுக்கு இது பெரிய சுவர். அங்கே பேச்சும் எழுத்தும் கூடவே நடக்க வேண்டும்.

இங்கேதான் ஃபோனிக்ஸ் வேண்டாம் என்பவர்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒலிகூட்டிப் படிப்பது மட்டும் படிப்பாகிவிடாது, பொருள் புரிய வேண்டும், கதை கேட்க வேண்டும், 'வந்துச்சு' என்று பேசுகிற பிள்ளை 'வந்தது' என்ற எழுத்து நடைக்குக் காதால் பழக வேண்டும். தினமும் ஒரு கதையை டீச்சர் உரக்கப் படிக்காத வகுப்பில் ஃபோனிக்ஸ் வெறும் வாய்ப்பாடாகத்தான் முடியும். இங்கிலாந்தில் 2012லிருந்து ஒன்றாம் வகுப்பு முடிவில் ஒரு சோதனை வைக்கிறார்கள். 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாத போலிச் சொற்கள், பிள்ளை ஊகிக்கிறதா இல்லை உண்மையில் ஒலிகூட்டுகிறதா என்று தெரிவதற்கு. முதல் ஆண்டு 58 சதவீதம் தேறினார்கள், 2019இல் 82 சதவீதம். இந்த ஏற்றத்தில் எவ்வளவு படிப்பு, எவ்வளவு சோதனைக்குத் தயார் செய்தது என்று அங்கேயே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நமக்கு இன்னொரு பரீட்சை வேண்டாம், கோடி புண்ணியம். ஆனால் அந்தப் போலிச் சொல் யோசனையைத் திருடலாம். 'மடிபு', 'தோகிமு' என்று கரும்பலகையில் எழுதுங்கள், யார் படிக்கிறார்கள், யார் ஊகிக்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அமெரிக்காவில் மிசிசிப்பி என்ற ஏழை மாநிலம் 2013இல் சட்டம் போட்டு இந்த வழிக்கு மாறி, கடைசி வரிசையிலிருந்து மேலே வந்த கதையை இப்போது எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தச் சட்டத்தில் மூன்றாம் வகுப்பில் படிக்க வராதவர்களை நிறுத்திவைக்கிற பகுதியும் உண்டு, உங்கள் வாசகருக்கு அதுதான் பிடிக்கும். எனக்குப் பிடித்தது வேறு. பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்களை அனுப்பி, ஆசிரியரின் வகுப்பிலேயே உட்கார்ந்து கூட நின்று காட்டிக்கொடுக்க வைத்தார்கள். நம்மூரில் பயிற்சி என்றால் மண்டபத்தில் ப்ரொஜெக்டர், டீ, வடை, சான்றிதழ்.

நம்மிடம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாகத் தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது மிக நல்ல காரியம், வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்பதுதானே அது. ஆனால் அரும்பில் இருக்கிற பிள்ளையை மொட்டுக்குக் கொண்டுபோக நேரம் எங்கே? ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் வேலையிலோ மீட்டிங்கிலோ. மிச்சமிருக்கிறவர் எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாட்டு, ஆட்டம், பயிற்சித்தாள் என்று ஓட்டுகிறார். மொட்டும் மலரும் செய்வதைப் பார்த்து அரும்பும் கோரஸாகச் சொல்கிறது. கோரஸில் யார் வாய் அசைக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான், அந்த நான்கைந்து பிள்ளைகளுக்குத் தினமும் இருபது நிமிடம், தனியாக, கோரஸ் இல்லாமல். கொரோனாவுக்குப் பிறகு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தர அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்விக்கு வந்த தன்னார்வலர்களில் எத்தனையோ பெண்கள் இதை அருமையாகச் செய்வார்கள். ஒலி வரிசையை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்து, பள்ளி நேரத்திலேயே உள்ளே விட்டால் போதும்.

இதற்குள் டவுனில் இது ஒரு வியாபாரமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃபோனிக்ஸ் கிளாஸ் என்று ஃபிளெக்ஸ், கலர் கலராகப் புத்தகம், ஃபீஸைக் கேட்டால் தலை சுற்றும். போகிற பிள்ளைகளில் பாதிப் பேர் எப்படியும் படித்துவிடக்கூடியவர்கள். உண்மையில் இது தேவைப்படுகிறவன் கிராமத்துப் பள்ளியில் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்கிறான்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் வராத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள். முதலில் கண், காது பார்க்க வேண்டும். கரும்பலகை தெரியாததால் படிக்காத பிள்ளைகளை ஒவ்வொரு பள்ளியிலும் காணலாம். அடுத்தது டிஸ்லெக்சியா, அதாவது அறிவு இருந்தும் எழுத்தைப் படிப்பதில் மட்டும் சிரமப்படுகிற கற்றல் குறைபாடு. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்து இதில் வேலை செய்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் கற்றல் குறைபாடு சேர்க்கப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கும் வேண்டியது இதே ஒலிவழிதான், இன்னும் மெதுவாக, இன்னும் அதிக நாள். மெல்ல மலரும் மாணவர் என்று பதிவேட்டில் அழகாக எழுதி வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஒரு சொல்லை ஐம்பது தடவை எழுத வைக்காதீர்கள், இருபதாவது தடவைக்கு மேல் கைதான் வேலை செய்யும். விரல் வைத்து ஒலிகூட்டிப் படிக்கட்டும், தப்பு வந்தால் சொல்லை எடுத்துக்கொடுக்காமல் தப்பாகப் படித்த எழுத்தைக் காட்டுங்கள். பஸ் போர்டு, மளிகைக் கடைப் பலகை எல்லாம் பாடம்தான்.

கடைசியாக, ஆசிரியர் அவர்களுக்கே ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஏற்கெனவே படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு. ஒரு ஓரத்தில் நாலு வரி, பெரிய எழுத்தில், குறிப்பிட்ட எழுத்துகளை மட்டுமே வைத்து ஒரு குட்டிக் கதை வாராவாரம் போடலாமே. படம் வேண்டாம், அல்லது மடித்த பக்கத்துக்குப் பின்னால் இருக்கட்டும். முதல் வாரத்துக்கு நானே எழுதித் தருகிறேன். அ, க, ட, ப, ம, ர, துணைக்கால், புள்ளி, இவ்வளவுதான் சரக்கு:

அக்கா, மரம் பார்.
மரமா? பட்டமா?
பட்டம், அக்கா, பட்டம்!

அடுத்த வாரம் இகரத்தைச் சேர்த்தால் பாட்டியையும் மாடியையும் கதைக்குள் கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்